சாவி நோட்டு

மார்ச் 21, வியாழன்

கேஸ் சிலிண்டர் இன்று காலை மாற்றினோம். தீர்ந்தது ஜனவரி 30-ஆம் தேதி மாட்டியது. ஐம்பத்தோரு நாள் வந்திருக்கிறது. போன தடவையைவிட நாலு நாள் அதிகம். வெயில் வந்துவிட்டதால் குளிக்க வெந்நீர் வைப்பதில்லை, அந்த மிச்சம்.

புளிக்குக் கொட்டை எடுத்து முடித்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. நாளைக்கு வடகம் பிழிய அரிசி ஊறப் போட்டாயிற்று.

சாயங்காலம் எதிர்வீட்டுச் சுகந்தி வந்தாள். காங்கேயத்தில் அவள் நாத்தனார் மகளுக்குச் சீராம். அவளும் அவள் புருஷன் லோகநாதனும் காலையிலேயே காரில் கிளம்புகிறார்கள். "சஞ்சித்துக்கு நாளைக்குக் கடைசிப் பரீட்சைங்க்கா. வந்தான்னா சாவியக் குடுத்துருங்க. சோறு ஆக்கி மேசை மேல மூடி வெச்சுட்டுப் போறேன்" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கு வெள்ளிக்கெழம, நீங்க பேசமாட்டீங்கல்ல? போகட்டும். சாவி குடுக்கப் பேச்செதுக்கு? கைய நீட்டுனா வெச்சாப் போச்சு."

இந்த மாடியில் எங்களோடு ஐந்து வீடு. மற்ற நாலு வீட்டுக்காரரும் வெளியே போனால் சாவி என்னிடம்தான். வீட்டுக்கொரு உபரிச் சாவி எப்போதும் தொங்க, கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி. அதற்கென்று ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு, யார் வாங்கியது என்று மூன்று கட்டம். ஆறாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். தினசரிப் பேப்பரை வைத்து எழுத்தைக் கூட்டிக் கூட்டி மீதியைக் கற்றுக்கொண்டேன். ஆறு வருடத்தில் அந்த நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. முருகன் கொடுத்த ஒழுங்கு.

மார்ச் 22, வெள்ளி

மௌனம். காலை ஐந்தரைக்குக் குளித்ததிலிருந்து ஆறுமணி விளக்கு வரை.

வடகம் நாலு வேட்டி நிறையப் பிழிந்து மொட்டைமாடியில் போட்டேன். காக்கைத் தொல்லை. மத்தியானம் குடையோடு காவல் இருந்தேன்.

தண்ணீர் கேன் இரண்டு வந்தது.

2.40-க்கு சஞ்சித்திடம் சாவி கொடுத்தேன். வீட்டுச் சாவியும் ஸ்கூட்டர் சாவியும் ஒரே வளையம்.

தெரு முனையில் மளிகைக் கடைக்கு எதிரே ஏதோ விபத்து என்று படியில் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்ணுக்கு அடியாம். பாவம்.

விளக்கு ஏற்றும்போது தீக்குச்சி மூன்று அணைந்தது. காற்று அடித்திருக்கும்.

மார்ச் 23, சனி

காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் சுகந்தி நிற்கிறாள். முகம் வீங்கியிருந்தது. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

முனையில் மோதியது சஞ்சித்தாம். பின்னால் ஒரு சிநேகிதப் பையன் இருந்திருக்கிறான். அவன் இறங்கி ஓடிவிட்டான். சஞ்சித்துக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. அடிபட்ட பெண்ணின் பெயர் ருக்குமணி. பெட்ஷீட் மடிக்கிற கம்பெனியில் வேலையாம். மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து நடந்து வந்தவள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

"அந்தப் பொம்பள போன் பேசிக்கிட்டே குறுக்க வந்துட்டாளாமாங்க்கா. ஓட்டுனது எங்க கொழுந்தன் பிரபுன்னு எழுதிக் குடுத்திருக்கு. அவருக்கு லைசென்ஸ் இருக்குது. இவனுக்குப் பதினேழுதானுங்க ஆகுது. ரிசல்ட்டுகூட வரல. என்ற பையன் வாழ்க்கையே போயிருமுங்க்கா."

நான் அவள் முதுகைத் தடவினேன்.

"யாராச்சும் கேட்டா சாவிய பிரபு வந்து வாங்கிட்டுப் போனாருன்னு சொல்லிருங்க. அந்த நோட்டுலயும்..." என்று கதவுப் பக்கம் பார்த்தாள்.

நோட்டை எடுத்தேன். 'சஞ்சித்' என்று எழுதியிருந்ததை அடித்து, மேலே 'பிரபு' என்று எழுதினேன். பேனா அழுந்தி, தாள் கொஞ்சம் கிழிந்தது.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க எனக்குக் கூடப்பொறந்த அக்கா மாதிரி" என்றாள்.

வடகம் இரண்டாம் வெயில். ஓரம் காய்ந்துவிட்டது. நடு இன்னும் ஈரம்.

மார்ச் 24, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். கதவு தட்டும் சத்தம். திறந்தால் தெரியாத ஆள். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் ஒற்றைச் செருப்பு.

"அம்மா, நான் தங்கராசுங்க. வெள்ளிக்கெழம முனையில வண்டி அடிச்சுதில்லீங்களா, அது எங்கூட்டுக்காரிங்க. இன்னொரு செருப்புக் கெடக்குமான்னு பாக்க வந்தனுங்க. அப்படியே வீடுவீடாக் கேட்டுட்டு வர்றேன். ஆராச்சும் பாத்தீங்களா?"

நான் பேசாமல் நின்றேன். நேற்று முன்தினம்தான் மௌனம். இன்றைக்கு எந்த விரதமும் இல்லை.

"அவ போன் பேசிக்கிட்டே வந்தான்னு எழுதியிருக்காங்களாமா. அவகிட்ட போனே இல்லீங்கம்மா. வூட்டுக்கு ஒரு போன். அது என்ற பாக்கெட்டுல இருக்குது. பாருங்க." எடுத்துக் காட்டினார். திரை விரிசல் விட்ட போன். "கடைக்காரரு உள்ள சரக்கு எடுத்துட்டு இருந்தாராமா. கேமரா ஓடலையாமா. எதுத்தாப்புல டீ குடிச்சவங்க திரும்பி நின்னாங்களாமா. அத்தன பேரும் திரும்பித்தான் நின்னிருக்காங்க."

"நான் வீட்டுக்குள்ள இருந்தனுங்க. ஒண்ணும் பாக்கல" என்றேன்.

என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

மோர் கொடுத்தேன். உப்பும் பெருங்காயமும் போட்டு, பெரிய டம்ளரில். நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை வாசல் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். கோயிலுக்குப் போனேன். சாமி முகம் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் உயரம் என்று வீட்டில் சொன்னேன்.

மார்ச் 26, செவ்வாய்

ருக்குமணிக்குக் காலை எடுத்துவிட்டார்களாம். அவர் வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மூட்டை தூக்குகிற ஒருவருக்குத் தங்கராசு ஒன்றுவிட்ட தம்பி. சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்த கீரையைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டிருக்கிறேன்.

வடகம் எடுக்க மாடிக்குப் போனபோது சுகந்தியின் கொடியில் சஞ்சித்தின் யூனிபார்ம் சட்டை காய்ந்தது. கடைசி நாள் என்று பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்களே, அந்தச் சட்டை. முதுகெல்லாம் பெயர்கள், நட்சத்திரம், 'மறக்காதடா மச்சி'. சுகந்தி நன்றாகத் துவைத்திருக்கிறாள். ரத்தம் போய்விட்டது. மை போகவில்லை.

அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு நானே பொய் சொல்ல முடியவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் இருந்தேன் என்றது பொய். வடகத்துக்குக் காவலாக இதே மாடியில்தான் இருந்தேன். வாய்க்காலை ஒட்டிய காலி மனை இங்கிருந்து முழுதாகத் தெரியும். ஒன்றரை மணியிலிருந்து நாலு பையன்கள் வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் சட்டையிலும் மை. நடுவில் இரண்டு பாட்டில், ஒரு சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர். ஒருவன் வாந்தி எடுத்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள். சஞ்சித் அதில் இருந்தான். அவன் நடை எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் பார்த்தேன். குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், அவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று.

பிறகு அவன் எழுந்து நம் கட்டடத்தைப் பார்த்து வந்தான். நான் அவனுக்கு முன்னால் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டேன்.

மார்ச் 27, புதன்

எண்ணெய் தீர்ந்தது. செக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"நெஜமா வாசம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஏலக்காய் மென்னுருந்தான். அதையும் மீறி வந்துச்சு."

"சாவிய ஒழுங்கா வாங்குனானா?"

"ரெண்டு தடவ கீழ போட்டான். ரெண்டாவது தடவ நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன்."

அவர் பிசைவதை நிறுத்திவிட்டார். "நமக்கெதுக்குப் புள்ள" என்றார். "நாளைக்கும் அவங்க மூஞ்சியிலதான் முழிக்கோணும். லோகநாதன் ஆளுகட்டு இருக்கறவன். போலீசு, கோர்ட்டுன்னு ஒன்னால நடக்க முடியுமா? ஆனது ஆயிருச்சு."

நான் எதிர்பார்த்ததைத்தான் சொன்னார். அதைக் கேட்பதற்குத்தான் அவரிடம் சொன்னேனோ என்னவோ. ஆனால் கேட்ட பிறகும் நிம்மதி வரவில்லை.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று யோசிக்கிறேன். போன ஆயுத பூஜையன்று இதே பையன் மாலை போட்ட ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், தள்ளாடித் திரும்பினான். நான் சுகந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு, பையன் மேல ஒரு மாதிரி வாசம் வருது, பாத்துக்க" என்றேன். அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பொரி கடலை தின்ன வாசமா இருக்கும். உங்க மக ஓசூர்ல என்ன பண்றான்னு நீங்க பாத்துக்கங்க" என்றாள். மறுநாளிலிருந்து சாவி வரவில்லை. பொங்கல் வரை மூன்று மாதம் அந்த முதல் கொக்கி சும்மா இருந்தது. காலையில் அவள் என் கதவைத் தாண்டிப் போய்க் கோடி வீட்டில் சாவி கொடுக்கிற சத்தம் கேட்கும். எனக்குச் சோறு இறங்காது.

பொங்கலன்று அவளாக வந்து சர்க்கரைப் பொங்கலும் சாவியும் கொடுத்தாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் மகள் தலைப்பொங்கலுக்கு வந்தபோதுகூட வரவில்லை.

இந்தக் கொக்கிக்காகத்தான். வேறு எதற்கும் இல்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சிறியதாக இருக்கிறது.

மார்ச் 28, வியாழன்

காலை பதினோரு மணிக்குச் சஞ்சித் வந்தான். முழங்கையில் கட்டு. அவனை இன்று காங்கேயம் கொண்டுபோய் விடுகிறார்களாம், 'கொஞ்ச நாள் மறைவா இருக்கட்டும்' என்று. சுகந்தி கீழே காரில் பை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரீம்மா, போயிட்டு வர்றேன்."

"நல்லபடியா இரு கண்ணு."

போகவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய சாவிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சாமி?"

"கூட இருந்த அஸ்வத்துதான் வண்டி எடுறா, ஒரு ரவுண்டு போலாம்னான். எனக்குத் தலை சுத்துது, வேண்டாம்னேன். பயந்தாங்கொள்ளி, அம்மா புள்ளன்னு கேலி பண்ணுனாங்க. சாவி மயிலாப் பெரீம்மாகிட்ட இருக்குது, அது லேசுல குடுக்காது, நோட்டுல எழுதற ஆளுன்னு சொன்னேன். போய்க் கேட்டுப் பாருன்னாங்க. சரி, நீங்க தரமாட்டீங்க, அதச் சொல்லிக்கலாம்னு வந்தேன்." மூக்கை உறிஞ்சினான். "வெள்ளிக்கெழம நீங்க பேசமாட்டீங்கன்னு தெரியும். தலையாச்சும் ஆட்டுவீங்கன்னு நெனச்சேன். வேணும்னுதான் சாவியக் கீழ போட்டேன், மொத தடவ. நீங்க மூக்கச் சுளிச்சீங்க. நான் பாத்தேன். அப்பறமும் எடுத்துக் கையில குடுத்துட்டீங்க."

பதினேழு வயதுப் பையன் என் நிலைப்படியில் சாய்ந்து சின்னக் குழந்தைபோல அழுதான். கீழே இருந்து சுகந்தி, "டேய் சஞ்சித்து, நேரமாச்சு!" என்று கூப்பிட்டாள். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

தப்பு உன்னுடையதும்தான் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வாய் ஏது?

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை நாளாக என் மனதுக்குச் சொல்லிவந்தது, நான் விரதத்தில் இருந்தேன், அவர் நெஞ்சு ஆபரேஷனுக்காக முருகனுக்கு நேர்ந்த மௌனம், பதினோரு வருடமாகத் தவறாதது, அதை எப்படி முறிப்பேன் என்பது. அது முறிந்துதான் இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேன்காரர் ஈரக் கேனைக் கோலத்தின் மேல் இறக்கப் பார்த்தார். "ஏனுங்க, கோலத்து மேல வெக்காதீங்க, கண்ணு தெரியலயா!" என்று கத்தினேன். படி முழுவதும் கேட்டிருக்கும்.

கோலத்துக்குப் பேசினேன்.

மார்ச் 29, வெள்ளி

குளித்தேன். விளக்கு ஏற்றினேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, "இன்னைக்குப் பேசப் போறேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

சாவி நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். அவர் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டாவது ஹெல்மெட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி என் கையில் கொடுத்தார். "ஸ்டேஷன்ல எறக்கி உட்டுட்டுப் போகமாட்டேன். நானும் இருப்பேன்" என்றார்.

ஏட்டு ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நான் சொல்லச் சொல்ல முதலில் சும்மா கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடித்ததற்கு அடியில் 'சஞ்சித்' தெளிவாகவே தெரிகிறது. நான் எழுத்தை அழுத்தி எழுதுகிறவள்.

"இத அடிச்சது யாரு?"

"நான்தானுங்க."

"யாரு அடிக்கச் சொன்னாங்க?"

"சொன்னது பையனோட அம்மா. அடிச்சது நான்."

"ஏம்மா, ஒரு வாரம் கழிச்சு வர்றீங்க?"

மஞ்சள் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பையன் குடித்ததைப் பார்த்தது, நடை தள்ளாடியது, சாவி வாங்கிய நேரம், சாவி வாங்கியது பிரபு இல்லை என்பது, எல்லாம் எழுதிக்கொண்டார். ருக்குமணியிடம் போன் இல்லை என்பதைத் தங்கராசு சொல்லக் கேட்டதையும் சொன்னேன். படித்துக் காட்டினார்.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க" என்றேன். "குடிச்சிருக்கான்னு தெரிஞ்சேதான் நான் சாவி குடுத்தேன். அதையும் எழுதிக்கங்க."

நிமிர்ந்து பார்த்தார். "அது எதுக்குங்கம்மா? யார் ஓட்டுனாங்க, என்ன நெலமையில ஓட்டுனாங்க, அதுதான் இங்க வேணும். நீங்க சொல்றது உங்களுக்கும் உங்க சாமிக்கும். இதுல எழுத எடமில்ல."

கையெழுத்துப் போட்டேன். நோட்டு அங்கேயே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

இடம் இல்லை என்றதால் இங்கே எழுதுகிறேன். தெரியும். கொடுத்தேன்.

மார்ச் 30, சனி

காலை ஏழரைக்குச் சுகந்தி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கூடப்பொறந்தவன்னு நெனச்சேனே" என்றாள். "என்ற புள்ளய உங்க மடியில வெச்சு வளத்தீங்களே, எப்படி மனசு வந்துச்சு?"

"சுகந்தி, அவனே வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க. நீங்க பேசாம இருந்த வரைக்கும் நல்லா இருந்தோம்."

கையை நீட்டினாள். முதல் கொக்கியிலிருந்து உபரிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

பத்து மணிக்குக் கோடி வீடு. மத்தியானம் மாடிப்படி வீடு. "ஊருக்குப் போறோம், எங்களுக்கே வேணும்" என்றார்கள். நாலாவது வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மகளை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

நாலு கொக்கியும் காலி.

மார்ச் 31, ஞாயிறு

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். நான் நினைத்ததைவிட ருக்குமணி சின்னப் பெண். நாற்பதுகூட இருக்காது. போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து அங்கேயே பார்த்தேன்.

எந்த வீடு என்று சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. "நீங்கதானுங்களா மோர் குடுத்தது? எங்கூட்டுக்காரர் வந்து சொன்னாருங்க. அந்த வெயில்ல அத்தன வூட்டுலயும் ஏறி எறங்கியிருக்காரு. நீங்க ஒருத்தர்தான் மோர் குடுத்தீங்களாமா. பெருங்காயம் போட்டு நல்லா இருந்துச்சுன்னாரு."

அடி வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உட்கார்ந்து சொன்னேன். மாடி, குடை, சாவி, எல்லாம். ஸ்டேஷனில் சொன்னதையும் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லும்போது பெருமை போலக் கேட்டதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "சொன்னது நல்லதுங்க" என்றாள். பிறகு, "எங்கம்மா வயசுங்க உங்களுக்கு" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போங்கம்மா. போயிட்டு வாங்கன்னு என்னால சொல்ல முடியல."

கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை அங்கே வைப்பதா, எடுத்துக்கொண்டு வருவதா என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி, "வெச்சுட்டுப் போ தாயி, பழம் என்ன பண்ணுச்சு" என்றாள்.

ஏப்ரல் 4, வியாழன்

சுகந்தி வீட்டில் வக்கீல் வந்து போகிறார். படியில் எதிர்ப்பட்டால் அவள் சுவரோடு ஒதுங்குகிறாள், நான் ஏதோ ஈரத்தோடு வருகிறவள் போல. பிரபுவை விட்டுவிட்டார்களாம், பையனை விசாரிக்கிறார்களாம்.

கொக்கிகளைக் கழற்றிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். தினமும் காலையில் கதவைச் சாத்தும்போது பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை மௌனத்தை விட்டுவிட்டேன். கோயில் ஐயரிடம் கேட்டேன். அதற்குப் பதிலாக வேறு நேர்ந்துகொள்ளலாம் என்றார். இன்னும் எதுவும் நேரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் காயப்போட்ட மிளகாயைக் கிளற மாடிக்குப் போனேன். காலி மனையில் மூன்று பையன்கள். இந்தத் தெருப் பையன்கள் இல்லை. வேலிக்காத்தான் நிழலில் ஒரு பைக். சாவி வண்டியிலேயே செருகியிருந்தது, வெயிலில் பளபளத்தது. ஒருவன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைக் குடித்தான்.

அடுப்பில் சிறு தீயில் பால் வைத்திருந்தேன். அணைக்காமலே இறங்கிவிட்டேன்.

போய்ப் பைக்கிலிருந்து சாவியை உருவி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர்கள் முதலில் புரியாமல் பார்த்தார்கள்.

"ஏய் கெழவி, சாவியக் குடு!"

"குடுக்க மாட்டேன்."

"யாரு நீ? உன்ற வண்டியா?"

"என்ற வண்டி இல்ல. நடந்து போங்க. இல்லாட்டி உங்கப்பன வரச்சொல்லுங்க. மாடியில மொத வீடு, மயிலாத்தாள்னு கேளுங்க."

ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். எனக்கு வயது ஐம்பத்து நாலு, அந்த வார்த்தையை என்னைப் பார்த்து இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்னொருவன் கையைப் பிடிக்க வந்தான். "தொடு பாக்கலாம், தெருவக் கூப்புடறேன்" என்றேன். குரல் நன்றாகவே எழுந்தது. கோலத்துக்குக் கத்திய அதே குரல். மளிகைக் கடைக்காரர் கடையைவிட்டு வெளியே வந்து நின்றார். இந்தத் தடவை உள்ளே சரக்கு எடுக்கவில்லை. மூன்றாவது பையன், இருப்பதிலேயே ஒல்லி, "விடுங்கடா, போலாம்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஆறுதல் போல ஒன்று வந்து போனது. சஞ்சித் அன்றைக்கு என்னிடம் தேடி வந்தது இதைத்தான்.

திரும்பி வந்தால் பால் அப்போதுதான் பொங்கி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

இவ்வளவுதான் வேலை. பால் பொங்குவதற்குள் முடிகிற வேலை.

அடுப்பை அணைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

அந்தச் சாவியை முதல் கொக்கியில் மாட்டினேன். பழைய நோட்டு ஸ்டேஷனில் இருப்பதால் புதிது ஒன்று எடுத்துக் கட்டம் போட்டேன். முதல் வரி:

ஏப்ரல் 12. பைக் சாவி. வாங்கியது 3.15, பெயர் தெரியாத பையனிடம். கொடுத்தது 6.05, அவன் அப்பா கையில்.